பாவம் ஸ்கூட்டரில் உட்கார்ந்தது

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் மனிதர்களைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. இலையைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

"உங்க வீட்டு இலை எப்படி இருக்கு?"

"முளைச்சிடுச்சுங்க. வேர் விட்டு, குட்டியும் போட்டிருக்கு."

"குடுத்து வெச்சவங்க! எதிர்வீட்ல?"

"அதை ஏன் கேக்கறீங்க." குரல் தணியும். "அழுகிடுச்சாம்."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எதிர்வீட்டுக்காரர் ரொட்டிக் கடைக்கு வந்தால் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விடும். மரியாதைக்காக அல்ல, ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தால்.

இத்தனைக்கும் காரணகர்த்தா இலைநாதர். மருந்துக் கடைக்கு மேலே காலியாகக் கிடந்த மாடியில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். அதற்கு முன் எங்கே உட்கார்ந்திருந்தார், எதனால் எழுந்து வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் வைப்பதென்றால் குலம் கோத்திரம் வரை தோண்டித் துருவுகிறவர்கள், குடும்ப மானத்தைத் தூக்கி ஒருவர் கையில் கொடுக்கும்போது அவருடைய பழைய முகவரியைக்கூடக் கேட்கவில்லை.

மாடி நடுவே ஓர் அகன்ற தொட்டி. அதில் ஒரு செடி. தடித்த இலைகள் ரோஜாப்பூ போல அடுக்கடுக்காக இருக்கும். பூ விற்கும் கடைகளில், அலுவலக மேசைகளில், பல் டாக்டர் வீட்டு ஜன்னலில் எங்கும் கிடைக்கிற சாதாரணச் செடிதான். ஆனால் மாடி ஏறியதும் அதற்குப் பெயர் 'தாய்ச்செடி'. அதன் இலைக்குப் பெயர் 'சத்திய இலை'. பக்கத்து அண்டாவில் இருந்த குழாய்த் தண்ணீருக்குப் பெயர் 'அருள்நீர்'. பெயர் வைப்பதில் இலைநாதரை மிஞ்ச ஆள் கிடையாது. வேறு எதிலும் அவருக்குத் திறமை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, ஒன்றைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

முறை இதுதான். நீங்கள் போய்க் குனிந்து நிற்க வேண்டும். அவர் கண்ணை மூடுவார். வலது கைக் கட்டை விரலில் நீளமாக வளர்த்திருக்கும் நகத்தால் தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளுவார். அந்த நகத்தை வெட்டுவதில்லை என்று அவருக்கு விரதமாம். நகம் வெட்டாததை எல்லாம் விரதத்தில் சேர்த்தால் எங்கள் தெருவில் பாதிப்பேர் ரிஷிகள். இலையைக் கையில் கொடுத்து, ஒரு பாட்டில் அருள்நீரும் கொடுத்து, "மண் வேண்டாம். வெறும் தட்டில் வை. காலையும் மாலையும் மறக்காமல் நீர் விடு. உன் வீடு சுத்தமானால் இலை முளைக்கும். பாவம் இருந்தால் அழுகும்" என்பார்.

பெரும்பாலும் அழுகும்.

அழுத முகத்தோடு திரும்பிப் போனால் மறுபடியும் கண்ணை மூடுவார். உங்கள் வீட்டுப் பாவம் எந்தப் பொருளில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வார். இங்கேதான் நான் அவரை மனதார வியந்தேன். பாவம் ஒரு முறையாவது உடைந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டுமே! பிய்ந்த மெத்தையில்? ஓட்டைக் குடையில்? கிடையாது. தையல்காரம்மா வீட்டில் புது வாஷிங் மெஷினில் உட்கார்ந்தது. முடிதிருத்துகிறவர் வீட்டில் டி.வி.யில் உட்கார்ந்தது, அதுவும் பெரிய டி.வி.யில். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வீட்டில் இரண்டு கதவு ஃபிரிட்ஜில், மேல் கதவு கீழ்க் கதவு இரண்டிலும் பரவி உட்கார்ந்தது. பாவத்துக்கு இருக்கிற பொருள் ரசனை புண்ணியத்துக்குக் கிடையாது.

அந்தப் பொருளைக் கொண்டுபோய் மாடியின் பின்னறையில் ஒப்படைக்க வேண்டும். அங்கே பாவம் 'கரைக்கப்படும்'. கையோடு 'மன்னிப்பு இலை' என்று இன்னோர் இலை தருவார். "இதற்கு நீர் விடும் தகுதி உனக்கு இல்லை. தொடாதே. ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு மறந்துவிடு" என்பார். அது முளைத்துவிடும். ஊரே வாயைப் பிளக்கும்.

முதல் இலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், அழுகியது. இரண்டாவதற்கு ஊற்ற வேண்டாம் என்றார், முளைத்தது. இவ்வளவு பெரிய வித்தியாசம் கண் முன்னே தலைகீழாக நின்று கூத்தாடியும், பிளந்த வாய்களில் ஒன்றாவது 'ஏன்' என்று கேட்கவில்லை.

என் வீட்டுக் கதவை அந்த இலை தட்டியது கல்யாணப் பேச்சின் வழியாக.

என் தம்பி மகள் எங்கள் வீட்டில் வளர்ந்த தாயில்லாப் பெண். கடைத்தெருவில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை. அந்தக் கட்டடத்து லிப்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக் பையன் அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள், இரண்டு வீட்டாரும் பார்த்தோம், எல்லாருக்கும் பிடித்தது. பையன் மருந்துக் கடைக்காரரின் மகன். ஆமாம், இலைநாதருக்கு மாடியை விட்டிருக்கிற அதே மருந்துக் கடைக்காரர். அவர் வீட்டு இலை மட்டும் முதல் தடவையே முளைத்துவிட்டது. சொந்த மாடியைக் கொடுத்தவர் வீட்டில் பாவம் உட்காருமா, அதற்கும் இங்கிதம் தெரியாதா என்ன?

தேதி குறிக்கப் போகிற நேரத்தில் மருந்துக் கடைக்காரரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஒரே ஒரு சின்ன விஷயம் அண்ணா," என்றார். "உங்க வீட்ல ஒரு இலை வெச்சுப் பார்த்துட்டோம்னா எங்களுக்கும் ஒரு திருப்தி."

"எங்க வீட்டுக்கு நற்சாட்சி குடுக்க ஒரு இலையா?" என்றேன்.

"சந்தேகம் எல்லாம் இல்லீங்க," என்றார் அந்த அம்மாள். "நாலு பேர் கேப்பாங்க பாருங்க. பொண்ணு வீட்டு இலை எப்படின்னு."

தம்பி மகள் தேநீர்த் தட்டோடு வந்தாள். "மாமா, நீங்க கடையில மாத்திரை நல்லா இருக்கா கெட்டுப்போச்சான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

"அட்டையில தேதி போட்டிருக்கும்மா."

"இலை வெச்சுப் பார்க்க மாட்டீங்களா?"

அவர் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பம் யாரிடமும் கைகட்டி நின்ற குடும்பம் அல்ல. என் தகப்பனார் போன வழியில் எதிரே வந்தவர்கள் தாமாகவே சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொள்வார்கள். அப்படிப்பட்ட வீட்டைச் சோதிக்க ஓர் இலை! முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், என் தம்பி "அதுக்கென்ன, வெச்சிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டான். பெண்ணைப் பெற்றவன்.

தம்பி மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். அதுதான் வினையாகப் போயிற்று. கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டு இலைக்கு நீர் விட்டான். ஒரு கரண்டி சொன்னால், அக்கறையில் இன்னும் அரைக் கரண்டி சேர்த்து விட்டான்.

"அப்பா, அது சக்குலண்ட். இலைக்குள்ளயே தண்ணி சேர்த்து வெச்சிருக்கும். மேல மேல ஊத்தினா செத்துடும்," என்றாள் மகள்.

"சாமி ஊத்தச் சொல்லியிருக்காரும்மா."

"அந்த இலை சாமிக்கு என்ன துரோகம் பண்ணிச்சு?"

அவள் தட்டை எங்கேயாவது ஒளித்துவிடுவாள் என்று பயந்து, இவன் தட்டைத் தன் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். குளியலறைக்குப் போகும்போதுகூடச் சாவி இடுப்பில்.

இலை முதலில் கண்ணாடி போல மினுமினுத்தது. "ஒளி வருது அண்ணா!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு மஞ்சளாயிற்று. பிறகு விரலை வைத்தால் விரல் உள்ளே போயிற்று.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடையில் எனக்கு வழி விட்டார்கள். இந்த வயதில், இந்த முதுகோடு, நான் அந்த இடைவெளியில் நடந்து போய் ரொட்டி வாங்கினேன். அவசரப்படவில்லை. சில்லறையை எண்ணி வாங்கினேன். யார் யார் விலகினார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

தம்பி அன்றே மாடி ஏறினான். நானும் கூடப் போனேன். மருந்துக் கடைக்காரரும் அவர் மனைவியும் முன் வரிசையில் இருந்தார்கள். இலைநாதர் கண்ணை மூடினார்; பக்கத்தில் நின்ற அவருடைய சீடர் மணியை ஆட்டினார்.

"பாவம் தெரிகிறது," என்றார் இலைநாதர். "இரண்டு சக்கரம் தெரிகிறது. நீல நிறம் தெரிகிறது. பெண்ணின் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறது."

அந்த ஸ்கூட்டர் அவள் தன் உழைப்பில் வாங்கியது. வாங்கி இன்னும் இருக்கை உறைகூடப் பிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தம்பி மகள் கேட்ட முதல் கேள்வி: "ஹெல்மெட் போட்டிருக்கா?"

"யாரு?"

"பாவம். உட்கார்ந்திருக்குன்னீங்களே."

"விளையாடாதம்மா," என்று தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "ஸ்கூட்டரைக் குடுத்துட்டு அந்த மன்னிப்பு இலையை வாங்கிட்டு வந்துடலாம். முளைச்சிடும். கல்யாணம் நடந்துடும்."

"குடுத்தா என்னடா அர்த்தம்?" என்றேன். "ஆமாங்க, எங்க வீட்ல பாவம் இருந்துச்சு, எங்க பொண்ணுதான் அதை ஸ்கூட்டர்ல வெச்சு ஓட்டிட்டிருந்தாள்னு கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகாதா? அவ காலம் முழுக்க அந்த வீட்ல மன்னிக்கப்பட்டவளா வாழணுமா?"

"குடுக்கலேன்னா கல்யாணம் நின்னு போயிடும் அண்ணா! பையனோட அம்மா முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க."

கொடுத்தால் மானம் போகும். கொடுக்காவிட்டால் கல்யாணம் போகும். இலைநாதரின் தொழிலே இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் நடக்கிறது.

தம்பி மகள் எங்கள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அழுகிய இலையை ஒரு காகிதத்தில் வைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தி, கண்ணாடிக் கீறலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, கொஞ்சம் வாங்க."

சமையலறை ஜன்னலுக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு பிஸ்கட் டப்பா மூடி. அதில் மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. சில தடித்த இலைகள் தூசியோடு கிடந்தன. ஒவ்வோர் இலையின் காம்பு முனையிலும் இளஞ்சிவப்பு நூல் போல வேர். அதன் பக்கத்தில் சுண்டு விரல் நகமளவு குட்டிச் செடி. நாலைந்து சத்திய இலைகள், குடும்பத்துப் புண்ணியம் மொத்தத்தையும் சுமந்துகொண்டு, பாத்திரம் கழுவும் சோப்புக்குப் பக்கத்தில் அமைதியாக இருந்தன.

"இது எப்ப வெச்சது?"

"வெக்கவே இல்லை. நம்ம வீட்லயும் இதே செடி இருக்கே, அதைத் தொட்டி மாத்தும்போது உதிர்ந்தது. தூக்கிப் போட மனசு வராம இதுல போட்டேன். மறந்துட்டேன். அதான் முளைச்சிருக்கு."

"அப்போ இது?" என்று காகிதத்தில் இருந்ததைக் காட்டினேன்.

"இலை முளைக்கறது இந்த அடி நுனியிலதான். முழுசாக் கழண்டு வந்தா முளைக்கும். இதுல அந்த நுனியே இல்லை பாருங்க. பிறை மாதிரி வெட்டு. நகத்தால கிள்ளியிருக்காரு. நுனி செடியிலயே நின்னு போச்சு. இதை யார் வீட்ல வெச்சாலும் முளைக்காது. மிச்சத்தை அழுக வெக்கறதுக்குத்தான் அருள்நீர்."

இலைநாதருக்கு உள்ள ஒரே திறமை என்று சொன்னேனே, அது இதுதான். நகத்தின் நுனியில் ஊர்க் குடும்பங்களின் மானத்தை வைத்திருந்தார். யாரை அழ வைக்க வேண்டுமோ அவர்களுக்கு நகம். யாரைச் சிரிக்க வைக்க வேண்டுமோ அவர்களுக்கு விரலின் சதையால் முழுசாகக் கழற்றிய இலை.

"போய்ச் சொல்லிடலாம்," என்று தடியை எடுத்தேன்.

"சொன்னா யாரு பெரியப்பா கேப்பாங்க? அழுகின வீட்டுக்காரங்க பேச்சுன்னு சிரிப்பாங்க. சொல்ல வேண்டாம். காட்டணும். அதுவும் அவரைவிட்டே."

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். மாடி நிரம்பி, படிக்கட்டில் வழிந்து, கீழே இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் உள்ளே நுழைய முடியாமல் இருமிக்கொண்டிருந்தார்கள். பையன் தன் பெற்றோருக்குப் பின்னால் சுவரோரம் நின்றான்.

தம்பி மகள் எழுந்தாள். "சாமி, ஒரு சந்தேகம். இலை வீட்டோட குணத்தைச் சொல்லுமா, இல்லை மனுஷங்க குணத்தைச் சொல்லுமா?"

"இடத்தின் குணத்தைச் சொல்லும் குழந்தாய். எந்த இடமானாலும் சொல்லும்."

"எந்த இடமானாலும்?"

"சத்தியத்துக்கு எல்லை ஏது?"

அவள் பையிலிருந்து இரண்டு இலைகளை எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். "இது எங்க வீட்டுச் செடியோட இலை. உங்க தாய்ச்செடியோட அதே இனம். நீங்க பார்வையால ஆசீர்வாதம் பண்ணினா போதும், எந்த இலையும் சத்திய இலை ஆயிடும்னு போன கூட்டத்துல சொன்னீங்க."

சொல்லியிருந்தார். கூட்டமே தலையாட்டியது. அவர் வேறு வழியில்லாமல் ஒரு பார்வை பார்த்தார். சீடர் மணியை ஆட்டினார்.

தம்பி மகள் ஓர் இலையை எடுத்தாள். எல்லாரும் பார்க்க, அதன் அடி நுனியைத் தன் கட்டை விரல் நகத்தால் கிள்ளிப் போட்டாள். இலைநாதரின் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்தது போல ஒரு சுளிப்பு வந்து போனது.

"இந்த இலை மருந்துக்கடை மாமா வீட்டுக்கு. ஊர்லயே சுத்தமான வீடு. அருள்நீர் ரெண்டு வேளையும் ஊத்தட்டும். இது அழுகும்."

"என்னம்மா சொல்றே!" மருந்துக் கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"இன்னொண்ணு நம்ம முக்குல இருக்கற பொதுக் கழிப்பிடத்துக்கு. ஜன்னல் ஓரம் வெச்சிடலாம். ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாம். இது முளைக்கும்."

கூட்டத்தில் சிரிப்பும் கூச்சலும் கலந்து கிளம்பின.

"கழிப்பிடத்தில் சத்திய இலையா? அபசாரம்!" என்று இலைநாதர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"இப்பதானே சாமி எல்லை இல்லைன்னீங்க. கழிப்பிடம் வரைக்கும்தானா அது?"

அவர் மறுக்கப் போகிறார் என்று தெரிந்தது. நான் எழுந்தேன். "இவள் சொன்னது நடக்காவிட்டால் ஸ்கூட்டர் உங்களுக்கு. அதோடு என் காரும். பாவம் அதிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்."

என் காரை அவர் மாடியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறார் என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்துபோயிற்று. காதுகளைப் பொத்தியிருந்த கைகள் தாமாக இறங்கின. "பக்தர்கள் ஆசைப்பட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்," என்றார்.

"எங்க வீட்டு இலை அழுகுமா? பார்த்துடலாம்!" என்று மருந்துக் கடைக்காரர் இலையைப் பிடுங்கிக்கொண்டார். அவருடைய சுத்தத்துக்கு அவரைவிட நல்ல காவல் வேறு யார்?

பொதுக் கழிப்பிடத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்குச் 'சில்லறையம்மா' என்று பெயர். முதலமைச்சரே அவசரமாக வந்தாலும் சில்லறை இல்லாமல் உள்ளே விடமாட்டாள். இலைத் தட்டை உயரமான ஜன்னலில் வைத்து, கம்பி வலையால் மூடி, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இதையும் என் கணக்குலதானே பார்த்துக்கணும்? பார்த்துக்கறேன்," என்றாள்.

அன்றிலிருந்து சீடருக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. காலையில் வந்தார். மதியம் வந்தார். சாயங்காலம் ஒரு கையில் பாட்டிலோடு வந்தார்.

"பாட்டில் எதுக்கு?" என்றாள் சில்லறையம்மா.

"குடிக்க."

"உள்ள போய் ஏன் குடிக்கணும்? இங்கயே குடிங்க, பார்க்கறேன்."

அவர் அருள்நீரை அங்கேயே நின்று கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவருக்கு உண்மையாகவே வயிறு சரியில்லை.

மருந்துக் கடைக்காரர் வீட்டிலோ அந்த அம்மாள் என் தம்பியைத் தோற்கடித்துவிட்டாள். காலை, மாலை போதாதென்று மதியமும் நீர் விட்டாள். வேண்டுதல் பலமாக ஆக, தட்டில் நீர் மட்டம் ஏறியது.

சில வாரங்கள் கழித்து, இலைகளைப் பார்க்கிற நாளில் ஊரே மாடியில் இருந்தது. படிக்கட்டில் இடமில்லாதவர்கள் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துத் தொங்கினார்கள். என் தம்பி கண்ணை மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் ஸ்கூட்டர் சாவி.

சில்லறையம்மா தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். இலை சுருங்கிப் போயிருந்தது. ஆனால் அதன் நுனியில் கொத்தாக வேர். வேரின் மேலே, பச்சையும் சிவப்புமாக, கச்சிதமான ஒரு குட்டி ரோஜா.

"முளைச்சிருக்குடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

மருந்துக் கடைக்காரர் தன் தட்டைத் துணியால் மூடியே வைத்திருந்தார். தம்பி மகள் போய்த் துணியை எடுத்தாள். தட்டில் பழுப்பு நிறக் குழம்பு. வாசனை முன் வரிசை வரை வந்தது. கழிப்பிடத்துத் தட்டில் அந்த வாசனை இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆக, பொதுக் கழிப்பிடம் பரம உத்தமமான குடும்பம். மருந்துக் கடைக்காரர் வீடு பாவிகளின் கூடாரம். சத்திய இலையின் தீர்ப்பு இதுதான்.

இலைநாதர் லேசுப்பட்டவர் அல்ல. சட்டென்று கண்ணை மூடினார். "தெரிகிறது... மருந்துக் கடைக்காரர் வீட்டில் சமீபத்தில் ஒரு பாவம் நுழைந்திருக்கிறது. குளிர்ந்த இடம் தெரிகிறது. ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கிறது."

"என் வீட்லயா?" மருந்துக் கடைக்காரர் கத்திய கத்தில் சீடரின் மணி தானாக ஆடியது. "பாவமா? என் வீட்லயா? யோவ், அந்தப் பொண்ணு எங்க எல்லார் முன்னாடியும் நுனியைக் கிள்ளிச்சுய்யா! அதான் அழுகிச்சு!"

ஒரு வருடமாக யார் வாயிலிருந்தும் வராத வார்த்தை, 'அதான்' என்ற அந்த ஒரு வார்த்தை, ஊரிலேயே பெரிய பக்தரின் வாயிலிருந்து வந்து விழுந்தது. அடுத்தவன் வீட்டு இலை அழுகினால் பாவம். தன் வீட்டு இலை அழுகினால் காரணம்.

"கரெக்ட் மாமா," என்றாள் தம்பி மகள். "நான் கிள்ளினேன். நீங்க தண்ணி ஊத்தினீங்க. அழுகிடுச்சு. எங்க வீட்டு இலையில யாரு கிள்ளினா?" அவள் இலைநாதர் பக்கம் திரும்பினாள். "சாமி, ஒரு சின்ன வேண்டுகோள். அந்தக் கட்டை விரல் நகத்தை வெட்டிட்டு, இவங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு இலை எடுத்துக் குடுங்க. தண்ணி வேண்டாம். எத்தனை வீடு அழுகுதுன்னு பார்க்கலாம்."

இலைநாதர் கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார். "நகம் என் விரதம்!"

"அதுக்கென்ன சாமி," என்று கூட்டத்திலிருந்து முடிதிருத்துகிறவர் எழுந்தார். அவருடைய பெரிய டி.வி. பின்னறையில் கரைந்துகொண்டிருந்தது. "கத்திரி கையிலயேதான் இருக்கு. வலிக்காம எடுத்து விடறேன்." அவர் முன்னே நடந்த நடையில் விரதத்துக்கு மட்டும் ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை.

இலைநாதர் பின்னறைக்குள் ஓடினார். கூட்டம் பின்னாலேயே போய்க் கதவைத் தள்ளியது. பாவங்கள் எப்படிக் கரைகின்றன என்று அன்றுதான் ஊர் பார்த்தது. நீதிபதியின் ஃபிரிட்ஜில் மேல் கதவுக்குள் ஐஸ்கிரீம், கீழ்க் கதவுக்குள் பாதி தின்ற கேக். முடிதிருத்துகிறவரின் டி.வி.யில் மல்யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரம்மாவின் வாஷிங் மெஷினில் இலைநாதரின் வெள்ளை அங்கிகள் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தன.

"ஏன்யா, என் பாவம் உன் துணியில ஒட்டாதா?" என்றாள் தையல்காரம்மா. அவள் கையில் துணி வெட்டும் கத்திரி. அன்று அந்த அறையில் கத்திரிகள் அதிகம்.

பின் படிக்கட்டு வழியாக அவர் இறங்கி ஓடியதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள். நகம் மட்டும் கதவிடுக்கில் சிக்கி உடைந்து கிடந்தது.

மறுநாள் மருந்துக் கடைக்காரர் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். முகம் தரையைப் பார்த்தது. "நடந்தது நடந்துடுச்சு அண்ணா. தேதியைக் குறிச்சிடலாமா?"

நான் இந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். ரொட்டிக் கடையில் விலகிய ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. "இலை அழுகிய வீட்டில் பெண் கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை," என்றேன்.

அந்த அம்மாளின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு நிறைவாக இருந்தது. ஒரு நொடிதான்.

"அப்ப நீங்களும் இலையை நம்பறீங்களா பெரியப்பா?" என்றாள் தம்பி மகள்.

நிமிர்த்திய முதுகை மறுபடியும் நாற்காலியில் சாய்த்துக்கொண்டேன்.

அவள் பையனைப் பார்த்தாள். "உங்களை ஒண்ணு கேக்கணும். கூட்டம் நடந்தப்ப ரெண்டு தடவையும் நீங்க சுவரோரமா நின்னீங்க. வாயே திறக்கலை."

"தப்புதான்," என்றான் பையன். கழுத்து வரை சிவந்திருந்தான். "வீட்ல சொன்னேன். அம்மா தண்ணியை நிறுத்தும்மா, மூழ்கிட்டிருக்குன்னு. கேக்கலை. வெளிய வந்து சொல்ல தைரியம் வரலை. லிப்ட் நின்னு போச்சுன்னா எதனாலன்னு திறந்து பார்க்கறதுதான் என் வேலை. அங்க மட்டும் பார்க்காம நின்னுட்டேன்."

"இனிமே?"

"இனிமே திறந்து பார்ப்பேன். அம்மா முன்னாடியே."

அந்த அம்மாள் இருமினாள். தம்பி மகள் சிரித்தாள். "தேதி குறிங்க பெரியப்பா." பிறகு மாமியாராகப் போகிறவளிடம் பிஸ்கட் டப்பா மூடியை நீட்டினாள். "இது உங்களுக்கு. ஒரே ஒரு நிபந்தனை. தண்ணி ஊத்தக் கூடாது."

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். நேற்று மாலை நடந்து போனபோது பொதுக் கழிப்பிடத்தின் முன்னால் நீண்ட வரிசையைப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுக் கோளாறா என்று கிட்டப் போனேன். கையில் பூ வைத்திருந்தார்கள்.

"கழிப்பிடத்து இலைக்கு விசேஷ சக்தியாம்," என்றார் முன்னால் நின்ற ஒருவர். நன்றாகப் படித்தவர்.

சில்லறையம்மா மேசையைத் தட்டினாள். "கும்பிடறவங்களுக்கும் அதே சில்லறைதான்! சீக்கிரம், சீக்கிரம், உண்மையான அவசரக்காரங்க பின்னாடி நிக்கறாங்க!"

வரிசையில் நின்றவர்களே, உங்களுக்குச் சொல்கிறேன். இலை உங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் தான் வாழும் விதத்தைக் காட்டியிருக்கிறது. உங்கள் தலைக்கும் அதுதான் பக்குவம். வெளிச்சம் படுகிற இடத்தில் வையுங்கள். எவன் எவனோ ஊற்றுவதையெல்லாம் குடிக்க விடாதீர்கள். அழுகிவிடும்.